பலகையில் வாழும் மொழி

விடுமுறைக் காலத்தில் பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையைக் காரில் சுற்றி வருவோர், அங்கே நெடுஞ்சாலைகளுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை என்பதை முதலில் பாராட்டுகின்றனர். அடுத்து, இருமொழிப் பெயர்ப்பலகைகளைப் படம் பிடிக்கின்றனர். பிரெஞ்சில் ‘வான்’ எனப்படும் நகரின் பெயர், மண்ணின் மொழியாகிய பிரெத்தோனில் ‘க்வெனெட்’ என்றும் எழுதப்பட்டிருக்கிறதாம். சிறுபான்மை மொழிக்கு எத்துணைப் பெருந்தன்மை!

இதுவா பெருந்தன்மை? ஒரு காலத்தில், பிரெத்தோன் பேசிய சிறுவனின் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிட்ட பள்ளிகள் அங்கேதான் இருந்தன. தன்னைப் போலவே தாய்மொழி பேசி அகப்படும் மற்றொரு பிள்ளையின் கழுத்துக்கு அதை மாற்றினால்தான் அவனுக்கு விடுதலை. பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளின் மொழியைக் கொல்லும் ஏற்பாடு அது.

1977இல் தொடங்கப்பெற்ற ‘திவான்’ பள்ளிகள் பாடங்களைப் பிரெத்தோனிலேயே கற்பித்து வருகின்றன. அத்தகைய கல்வி அரசமைப்புக்கு முரணானது என்று 2021இல் பிரான்சின் அரசமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது. சாலையோரத்தில் இடமுண்டாம், வகுப்பறையில்தான் இல்லையாம்! 2018இல் ஏறத்தாழ இரண்டு இலட்சம் என மதிப்பிடப்பட்ட பிரெத்தோன் பேசுவோர், 2024ஆம் ஆண்டு ஆய்வில் 107,000 பேராகச் சுருங்கினர். அவருள்ளும் முதியோரே மிகுதி.

பலகையின் கீழே காரை நிறுத்துவோர், அந்த இரண்டாம் பெயரை ஒலித்துக் காட்டும்படி அவ்வழியே போகும் சிறுவன் ஒருவனையேனும் கேட்டதுண்டா?