தாருசா: அழகும் ஆணையும்

மாஸ்கோவுக்குத் தெற்கே, கலூகா மாகாணத்தில், ஓகா நதிக்கரையில் அமைந்த சிற்றூர் தாருசா. சற்றுத் தள்ளி எதிர்க்கரையில் ஓவியர் பொலெனோவ் வீடமைத்ததற்கு இப்பகுதியின் அழகே காரணம். ஆனால் 'கலைஞர்களின் ஊர்' என்று மட்டும் இதனைப் புகழ்வது பாதி உண்மையே என்பேன்.

முகாம்களிலிருந்து மீண்டோர் பலருக்கு மாஸ்கோவைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் வசிக்கத் தடை இருந்தது. அவர்களுள் சிலரை அந்த எல்லைக்கு அப்பாலிருந்த தாருசா ஏற்றது. முகாமையும் நாடுகடத்தலையும் கடந்துவந்த அரியாத்னா, கவிஞர் மரீனா ஸ்வெதாயெவாவின் மகள், 1975இல் இங்கேயே மறைந்தார்.

பாஸ்தோவ்ஸ்கியின் முயற்சியால் 1961இல் கலூகாவில் அச்சான 'தாருசாப் பக்கங்கள்' தொகுப்பில் ஸ்வெதாயெவாவின் கவிதைகளும் இடம்பெற்றன. விரைவிலேயே அது நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது.

தலைநகரம் விலக்கியதைச் சிற்றூர் காத்தது. தாருசாவின் பெருமையைப் பேசுவோர், அந்த விலக்கலையும் சேர்த்தே பேச வேண்டும்.