தடையில்லாச் சான்றும் நட்சத்திர வீரரும்

2023 ஆகஸ்ட் மாதத்தில், பிலடெல்பியா செவன்டி சிக்சர்ஸ் கூடைப்பந்து அணியின் நட்சத்திரக் கார்டு ஜேம்ஸ் ஹார்டன், தன் அணியின் தலைமை நிர்வாகியைப் பொய்யர் என்று சீன நாட்டு மேடை ஒன்றிலிருந்து பகிரங்கமாகச் சாடினார். அவர் இருக்கும் அமைப்பில் இனி ஆடமாட்டேன் என்றும் அறிவித்தார். என்பிஏ லீக் 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வீரர்கள் சங்கம் அதை எதிர்த்து முறையீடு செய்தது. நவம்பர் தொடக்கத்தில் ஹார்டன் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டு அவருடைய ஊதியம் மூன்றரைக் கோடி டாலருக்கும் மேல். கோடீஸ்வரருக்கும் பெருங்கோடீஸ்வரருக்கும் இடையிலான இந்தப் பூசலில் உழைக்கும் மக்களுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கேள்வியை அங்கேயே நிறுத்திவிட்டால், ஹார்டனுக்கு அணிமாற்றம் கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

அது முதலாளிகள் மனமுவந்து வழங்கியதன்று. 1964 ஜனவரியில் பாஸ்டன் நகரில், தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்த ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு முன், ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி கிடைக்கும்வரை உடைமாற்றும் அறையை விட்டு வெளியேறமாட்டோம் என்று வீரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். உறுதி கிடைத்தது, ஆட்டமும் நடந்தது. அன்று சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் சின்சினாட்டி ராயல்ஸ் அணியின் கார்டு ஆஸ்கர் ராபர்ட்சன். அடுத்த ஆண்டே அந்தக் கறுப்பின வீரர் சங்கத்தின் தலைவரானார். 1970இல், புதிய பயிற்சியாளர் பாப் கௌசியின் காலத்தில், ராயல்ஸ் நிர்வாகம் அவரை மில்வாக்கி அணிக்கு மாற்றிவிட்டது. அதே ஆண்டு, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வீரரைப் பழைய அணியோடு கட்டிப்போடும் விதியை எதிர்த்து அவர் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டில் அந்தக் கட்டு தளர்ந்தது. ராபர்ட்சனோ 1974இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவரை அனுப்பிவிட்ட இரண்டே ஆண்டுகளில் ராயல்ஸ் அணியே சின்சினாட்டியைக் கைவிட்டு கன்சாஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்தது. முதலாளி ஊர் மாறினால் வணிகம். வீரர் மாற நினைத்தால் துரோகம்!

அந்த விதியைத் தமிழ் உழைப்பாளிகள் வேறு பெயரில் அறிவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால், பழைய தோட்டம் அவருடைய கடன் கணக்கைக் குறித்துத் தரும் ‘துண்டு’ வேண்டும். 1921இல் சட்டம்தான் அதை ஒழித்தது. கூலியின் அளவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. உழைப்பவர் எங்கே உழைப்பது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார் என்பதில் வேறுபாடு இல்லை.

இந்தியாவில் இதன் முகம் இன்னும் கடுமையானது. பூனாவை அடுத்த கட்கியில், படைத்தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழர் தன்ராஜ் பிள்ளை. உடைந்த ஹாக்கி மட்டைகளை ஒட்டிக் கட்டி விளையாடிப் பழகியவர். 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையிலான அணி, இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை வென்று, 1966க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து ஹாக்கித் தங்கத்தைக் கொண்டுவந்தது. அடுத்து அறிவிக்கப்பட்ட அணியில் தன்ராஜ் இல்லை. கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் உள்ளிட்ட வேறு சில மூத்த வீரர்களும் இல்லை. பயிற்சியாளர் எம்.கே. கௌசிக்கும் பதவி இழந்தார். ‘ஓய்வு’ அளித்திருப்பதாக இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு கூறியது. வெளிநாட்டுப் பயணப் படி போதவில்லை என்று வாய் திறந்ததற்கான தண்டனையே அது என்று நாடு புரிந்துகொண்டது. கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் பஞ்சாப் காவல்துறையின் முன்னாள் தலைவர் கே.பி.எஸ். கில். லத்தியின் மொழியைத் தவிர வேறு மொழியை அந்த அலுவலகத்திடம் எதிர்பார்த்திருக்க முடியாது. தன்ராஜுக்கு ராபர்ட்சனைப் போல் பின்னால் நிற்க ஒரு சங்கம் இல்லை. தனி மனிதராகக் கோபப்பட்டார். ‘கோபக்காரர்’ என்ற பட்டத்தையே பெற்றார். அதே கூட்டமைப்பின் காலத்தில்தான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்திய ஆண்கள் அணி தகுதி பெறாமல் போனது. 1928க்குப் பின் அதுவே முதல் முறை.

கூட்டாக நின்றபோது நடந்தது வேறு. 2010 ஜனவரியில், டெல்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருக்கையில், பூனா பயிற்சி முகாமில் வீரர்கள் நிலுவைத் தொகை கேட்டுப் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். தலைக்கு 25,000 ரூபாய் என்ற பேரத்தை மறுத்தார்கள். தேசப்பற்று இல்லாதவர்கள் என்ற வசை அன்று எடுபடவில்லை. பொதுமக்கள் வீரர்களின் பக்கம் நின்றார்கள். இறுதியில் 1 கோடி ரூபாய்க்கு உடன்பாடு கண்டது நிர்வாகம்.

அந்த ஒற்றுமை நிலையான அமைப்பாக வளரவில்லை. 2019இல் தொடங்கிய இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கத்தில்கூட ஓய்வுபெற்றவர்களுக்கே இடம். களத்தில் நிற்பவருக்கு இல்லை. 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் தீர்ப்பாயம் பற்றியும் வீரர் குழுக்கள் பற்றியும் பேசுகிறது. கூட்டமைப்புக்கு உள்ளேயே அமைக்கப்படும் குழு ஆலோசனை சொல்லலாம். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் வலிமை அதற்கு வராது. கூட்டுப்பேரம் பேசும் உரிமையுள்ள தொழிற்சங்கமே அதைச் செய்யும்.

அம்பூரி, வெள்ளறடை, பாறசாலைப் பகுதிகளில் இது ஏட்டுச் சிக்கலன்று. இங்கே ஒரு மாணவி காலையில் கேரளத்தில் புறப்பட்டு, மார்த்தாண்டத்தில் படித்து, மாலையில் திரும்பிவிடலாம். அவள் கூடைப்பந்தில் தேறினால் மட்டும் எல்லைக்கோடு திடீரெனத் தடித்துவிடும். ஒரு மாநிலத்துக்காக ஆடியவர் மறு மாநிலத்துக்காக ஆட, முந்தைய மாநிலச் சங்கத்தின் தடையில்லாச் சான்று கேட்கப்படுகிறது. ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையே குடும்பத்தின் ஒரே நம்பிக்கையாக இருக்கும் வீட்டில், அந்தக் காகிதத்தை இழுத்தடிக்கும் ஒரு பருவம் என்பது ஒரு வேலைவாய்ப்பை இழப்பதாகும். சான்றை இத்தனை நாளுக்குள் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டைச் சங்கத்துக்கு வெளியே உள்ளவர் விசாரிக்க வேண்டும் என்று விதி செய்ய இரு மாநில விளையாட்டு அமைப்புகளுக்கும் பெரிய செலவு எதுவும் இல்லை. எல்லைப் பகுதிக் கிளைகளும் வாலிபர், மாணவர் அமைப்புகளும் இந்தக் கோரிக்கையை இரு பக்கத்து அமைச்சர்களிடமும் கொண்டு செல்ல வேண்டும்.