நீமோ குட்டிக்கு சாப்பாடு ரெடியா?

நீமோ வாங்குறது ஈஸி பாஸ். அது முட்டை போட்டா?

எங்க பெருங்குடி வீட்டு உப்புத்தண்ணி தொட்டியில கோமாளி மீன் ஜோடி முட்டை போட்டுச்சு. ஒரு வாரம், பத்து நாள்ல லைட் அணைச்சப்புறம் பொரியும். குட்டியோட வாய் ரொம்பச் சின்னது. முதல் நாள் ஆர்ட்டீமியாகூட உள்ளே போகாது. ரோட்டிஃபர்தான் வேணும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஜந்து! பச்சைப்பாசித் தண்ணி ஊத்தி, மெதுவா காத்து விட்டா மளமளன்னு பெருகும்.

நான் வளர்த்தது ஒரே பக்கெட். ராத்திரி கரன்ட் கட், பம்ப் அவுட். காலையில ஒரே நாத்தம். பொரிஞ்ச குட்டிங்க பட்டினியிலயே போயிடுச்சு. அரியர் விழுந்தப்பகூட இப்படி வலிக்கலை.

நம்ம ஈ.சி.ஆர். முட்டுக்காட்டுல, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தோட பொரிப்பகத்துல கொடுவாக் குஞ்சுக்கும் முதல் சாப்பாடு ரோட்டிஃபர்தான், ஆர்ட்டீமியா அப்புறம்தான்.

இப்போ ரெண்டு பக்கெட், தனித்தனி ரூம்ல. தினமும் கொஞ்சம் வடிச்சு எடுத்துடணும். பாவம்னு விட்டா கூட்டம் தாங்காம மொத்தமும் செத்துடும். (தொட்டி அழகா இருக்கணும்னு நிஜப் பவளம் தேடாதீங்க. 2001-லேர்ந்து புலி இருக்குற அதே முதல் அட்டவணையில பவளமும் இருக்கு.)

நேத்து மறுபடி முட்டை! அம்மாதான் பாத்ரூம் பக்கெட்டைத் தேடிட்டிருக்காங்க.