நிக்காஹ் பத்திரிகைக்கு ஒரு ‘டாக்டர்’ பட்டமா?



சென்ற மாதம் ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை என்னிடம் வந்து சினத்துடன் கேட்டார்: “உஸ்தாத், என் மகளைப் பல் மருத்துவரிடம் அனுப்பச் சொன்னது நீங்கள்தானே? இப்போது பெற்றவனுக்கே நிபந்தனை போடுகிறாள்.”

அந்த நிபந்தனை இன்னதென்று கூறுமுன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் சிறு வயதில் எங்கள் மதரஸாவில் ஓதியவள். நீட் தேர்வில் எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வராது என்று தெரிந்தவுடன், தனியார் கல்லூரியில் பி.டி.எஸ். சேர்ப்பது என்று வீட்டில் முடிவாயிற்று. அவளுடைய விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. தந்தை மஷூராவுக்கு வந்தபோது நான் சொன்னது இவ்வளவுதான்: “கலந்தாய்வுக்கு முன் ஒரு பெண் பல் மருத்துவரிடம் 20 நாட்கள் உடனிருந்து பார்க்கட்டும். பிறகு முடிவு செய்யுங்கள்.”

அவள் சென்றாள். எதையும் தொடவில்லை, ஓரமாக நின்று பார்த்தாள். பல்லைக் குடையும் கருவியின் ஓசை முதல் இரண்டு நாட்கள் அவளுக்குத் தலைவலியைத் தந்தது. நாள் முழுதும் குனிந்து வேலை செய்யும் மருத்துவர் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைக் கண்டாள். வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றக்கூடிய பல்லை, “செலவு கட்டாது, பிடுங்கிவிடுங்கள்” என்று சொன்னவர்களைக் கண்டாள். ஆண்டுக்கணக்கில் பாக்கு மென்று, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்க இயலாத ஒருவரைக் கண்டாள்.

ஒரு நாள் முகத்திரை அணிந்த மூதாட்டி ஒருவர் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. ஆண் உதவியாளர் அருகில் நின்றதால் வாயைத் திறக்க மறுத்தார். இந்தப் பெண் மருத்துவரிடம் மெல்லக் கேட்டுத் திரையை இழுத்துவிட்டாள். உதவியாளர் வெளியே சென்றார். மூதாட்டி அதன் பிறகே வாயைத் திறந்தார். வெட்கத்தினால் மூன்று மாதங்களாக வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாராம். புறப்படும்போது அவளுடைய கையைப் பிடித்து, “நீயும் இதுதான் படிக்கப் போறியாம்மா? படி. எங்களுக்கு ஆள் இல்லை” என்றாராம்.

அன்றிரவு அவள் தந்தையிடம் சொன்னாள்: “வாப்பா, நான் பி.டி.எஸ். படிக்கிறேன். ஆனால் நிக்காஹுக்குப் பிறகும் மருத்துவம் பார்ப்பேன். அதற்குச் சம்மதிக்கும் இடத்தில்தான் என்னைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இந்தச் செலவே வேண்டாம்.”

இதுதான் அந்த நிபந்தனை. இதில் என்ன தவறு என்று நான் பகிரங்கமாகவே கேட்கிறேன்.

பெற்றோர்களே, உண்மையை ஒப்புக்கொள்வோம். நம்மில் பலர் பெண் பிள்ளைகளைப் பல் மருத்துவம் படிக்க வைப்பது பல்லுக்காகவும் அன்று, மருத்துவத்துக்காகவும் அன்று. பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று அச்சிட வேண்டும், அதற்காகவே. நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, பல இலட்சம் ரூபாய். அதன் பின் அந்தச் சான்றிதழ் அலமாரிக்குள் போய்விடுகிறது. பெண் மருத்துவர் இல்லையென்று வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களோ நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று உலமாக்கள் வகுத்திருக்கிறார்கள். ஊரில் சிலர் அதை நிறைவேற்றினால் மற்றவர்கள் மீதுள்ள கடமை நீங்கும்; ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஹிஜ்ரி 505-இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி, தம் காலத்து மக்கள் மருத்துவத்தைக் கைவிட்டுவிட்டுப் பெயரும் பதவியும் தரும் கல்விக்கே கூட்டமாக ஓடுவதைக் கண்டு ‘இஹ்யா’வில் வருந்தினார்கள். இன்று நாம் மருத்துவத்தையே வெறும் பெயருக்காகப் படிக்கிறோம். சான்றிதழ் கடமையை நிறைவேற்றாது, சிகிச்சைதான் நிறைவேற்றும். ஒவ்வொரு தொழுகையின் போதும் மிஸ்வாக் செய்வதை அவ்வளவு விரும்பிய நபியவர்களின் (ஸல்) உம்மத்துக்குப் பல் மருத்துவம் அற்பமான துறையாகத் தோன்றலாமா?

“முன்கூட்டியே போய்ப் பார்ப்பதால் என்ன பயன்? கல்லூரியில் கற்றுத்தருவார்களே” என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல பல் மருத்துவக் கல்லூரிகள், விண்ணப்பிக்கும் மாணவர் முன்னரே மருத்துவர்களிடம் உடனிருந்து பார்த்திருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கின்றன. சில கல்லூரிகள் 100 மணி நேரம் என்று அளவே குறிப்பிடுகின்றன. நம் நாட்டில் மதிப்பெண் மட்டுமே கேட்கப்படுகிறது. யாரும் கேட்கவில்லை என்பதற்காக நாமும் கேட்காமல் இருக்கலாமா? ஒரு மனை வாங்க நான்கு முறை போய்ப் பார்க்கிறோம். பிள்ளையின் வாழ்நாளுக்கு ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை.

“பெண் பிள்ளை அங்கே போய் நிற்பது ஹயாவுக்கு அழகா?” என்கிறார்கள். பெண் மருத்துவரிடம், தனித்திருத்தல் இல்லாமல், நோயாளியின் சம்மதத்துடன் நிற்பதில் என்ன குறை? அங்கே கண்டதும் கேட்டதும் அமானத். வெளியே பேசலாகாது என்று சொல்லி அனுப்புங்கள். அந்த மூதாட்டியின் ஹயாவைக் காத்தது இந்தப் பெண் அங்கே நின்றதுதான்.

சொல்லாமல் மறைக்கும் அச்சமும் ஒன்றுண்டு: “போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?” சொல்லட்டும். 20 நாட்களில் வரும் ‘வேண்டாம்’ ஐந்தாண்டு கழித்து வரும் கண்ணீரைவிட மேலானது. ஆண் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தான்.

அந்தத் தந்தையிடம் நான் சொன்னேன்: “உங்கள் மகள் உங்களை எதிர்க்கவில்லை. உங்கள் பணம் வீணாகாமல் காக்கிறாள்.” அவர் பதில் சொல்லாமல் எழுந்து சென்றார். மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் என் அருகில் வந்து, “சம்மதித்துவிட்டேன் உஸ்தாத். மாப்பிள்ளை கிடைப்பாரா என்றுதான் கவலை” என்றார்.

அந்தக் கவலைக்கு விடை தர வேண்டியவர்கள் ஆண் மக்களைப் பெற்றவர்கள். ‘டாக்டர்’ மருமகளைத் தேடுகிறீர்கள். அவள் மருத்துவம் பார்க்கவும் வழிவிடுங்கள். நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.