வேலியில் நிற்கும் மருந்து

வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கையிலைப் பிடியொன்றைக் கையிலெடுத்து, "பிள்ளைகள் தின்னமாட்டார்கள்" என்று திரும்ப வைத்துவிட்டுப் போகும் தாய்மாரைக் காண்கிறோம். கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். கற்றவர் வீட்டுத் தட்டிலே பிஸ்கற் வீற்றிருக்கிறது. கீரை வாசலிலே நிற்கிறது. இது வெறும் நாச்சுவை பற்றிய பேச்சன்று; குழந்தையின் கண்ணையும் உயிரையும் பற்றிய பேச்சாகும்.

உயிர்ச்சத்து 'ஏ' குன்றினால் மாலைக்கண் தோன்றும். முற்றினால் விழி வறண்டு பார்வையே அழியும். உடலின் எதிர்ப்பு வன்மையும் குன்றுவதால், சின்னமுத்தும் வயிற்றோட்டமும் குழந்தையின் உயிரையே கொண்டுபோகும்.

இக்குறை நமக்குப் புதிதன்று. கொழும்பிலே டாக்டர் லூசியஸ் நிக்கொல்ஸ் 1930களிலேயே இதனை ஆராய்ந்து எழுதினார். 1995-96இல் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆய்வில், பள்ளி செல்லா வயதுப் பிள்ளைகளில் 36 சதவீதத்தினருக்கு இச்சத்துக் குறைந்திருந்தது. பின்னர் அரசாங்கம் பெருமளவு மருந்தாக இதனை வழங்கியது, குறையும் தணிந்தது.

"மருந்துதான் உண்டே, கீரை எதற்கு?" என்று கேட்பார் உளர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடையே நடந்த ஆய்வொன்று 1990இல் வெளியாயிற்று. அங்கே கிழமைதோறும் கொடுத்தது பெருமருந்தன்று. உணவிலேயே பெறத்தக்க சிற்றளவுதான். ஓராண்டில் குழந்தை மரணம் செம்பாதிக்கும் மேலாகக் குறைந்தது! சிறிதாயினும் தவறாது கிடைப்பதே காக்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் முட்டையும் பால்மாவும் ஏழை வீட்டுக்கு எட்டாப் பொருளாயின. அன்றும் வேலி முருங்கை தளிர்த்தே நின்றது. அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, பப்பாப்பழம், மாம்பழம் யாவும் நமது மண்ணின் செல்வங்களே. ஆயின் ஒன்று: கொழுப்பின்றி இச்சத்து உடலிற் சேராது. தேங்காய்ப்பூவிட்ட வறையும் பாற்கறியும் சமைத்த நம் பாட்டிமார் இதனை ஏட்டிற் படித்தவரல்லர்; எனினும் செய்து காட்டினர்.

எனவே நாம் கேட்பது இரண்டு. பாடசாலை மதிய உணவிற் கீரை நாள்தோறும் இடம்பெறுக. அதனை விவசாயியிடமே நேரிற் கொள்வனவு செய்க. தொடர்மாடியில் வாழும் கற்ற பெருமக்களிடம் வேண்டுவது ஒன்றே: பிள்ளை உண்ணவேண்டுமென்று விரும்பும் கீரையை, முதலில் நீங்கள் உண்ணுங்கள். விவசாயி விளைவிக்கிறான், பிள்ளை வளரவேண்டும். இடையே நிற்பது நமது அலட்சியம் ஒன்றேயாம்.