சிதம்பரத்துப் பிள்ளையும் சின்னஞ்சிறு புள்ளியும்

குமராட்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "டாக்டர் தரும் மாத்திரை கிருமியைக் கொல்கிறது, சரி. அதே மாத்திரை குழந்தையின் உடம்பை மட்டும் விட்டுவைப்பானேன்?"

நல்ல கேள்வி. (வைரஸ் ஜுரத்துக்கு அந்த மாத்திரை உதவாது என்பது வேறு விஷயம்.) பதிலுக்குச் சகோதரி வெகுதூரம் போகவேண்டாம். பக்கத்துச் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மூன்று வயதிலேயே பரோடாவுக்குப் போய்விட்டார் என்றாலும், நாம் சொந்தம் கொண்டாடுவதை யார் தடுப்பது?

சாதாரண மைக்ராஸ்கோப்பில் உயிரணு தெரியும். அதன் உள்ளே இருப்பதெல்லாம் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை கலங்கலாகிவிடும். வெளிச்சத்தின் குணம் அப்படி. 1931-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் அவர் ஆசிரியரும் வெளிச்சத்துக்குப் பதில் எலெக்ட்ரான்களைச் செலுத்தினார்கள். கண்ணாடி லென்ஸுக்குப் பதில் காந்தம்! 1950-களில் அமெரிக்காவில் ஜார்ஜ் பலாடே அத்தகைய கருவியில் உயிரணுவைப் பார்த்தார். உள்ளே கடுகு தூவினாற்போல் கரும்புள்ளிகள். நாற்பதாயிரத்தை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும். அவையே ரைபோசோம்கள், உடம்புக்கு வேண்டிய புரதங்களைச் சமைக்கும் அடுப்புகள்.

அடுப்பு தெரிந்தது, அதன் அமைப்பு தெரியவில்லை. ராமகிருஷ்ணன் கிருமியின் ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ்-ரே செலுத்தி, 2000-ல் அதன் சிறு பாகத்தை அணு அணுவாக வரைந்துகாட்டினார். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் மருந்துகள் எந்த இடுக்கில் போய் உட்காருகின்றன என்பதும் தெரிந்தது. நம் ரைபோசோமில் அந்த இடுக்கின் அமைப்பு வேறு. கிருமியின் சமையல் நிற்கிறது, நம் சமையல் நடக்கிறது. 2009-ல் ஸ்டைட்ஸ், அடா யோனத் அம்மையார் இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சகோதரியே, மருந்து நம்மை முழுக்க விட்டுவைக்கிறது என்று சொல்வதற்கில்லை. நம் உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்றொன்று உண்டு. அதற்குத் தனி ரைபோசோம்; அது கிருமியினுடையதைப் பெரிதும் ஒத்தது! அதைப் படிகமாக்குவது மகா கஷ்டம். எனவே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பையே மறுபடி நாட வேண்டியதாயிற்று. ஐஸ் படிகம் உண்டாக அவகாசமே இல்லாமல், கண்சிமிட்டுவதற்குள் நீரை உறையவைத்து, ஆயிரக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்க்கும் முறை இது. இந்த முறைக்கு வழிவகுத்த மூவருக்கு 2017-ல் நோபல் கிடைத்தது. ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு அந்த முறையில்தான் 2014-ல் மனித மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய பாகத்தைப் படமாக்கியது.

நாள்பட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொள்ளும் சிலருக்குக் காது மந்தமாவதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணமென்று கருதுகிறார்கள். அந்த ஊசி போட்டுக்கொள்பவர், காதில் இரைச்சலோ தலைசுற்றலோ கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.