மலையைவிட ரோடுதான் ஆபத்து!
இங்கிலாந்து மலை ஓட்டத்தில் பாதையை மாற்றுவது ஏன்?

மலை உச்சியில் மூடுபனி. காலடியில் வழுக்குப் பாறை. அதை எல்லாம் தாண்டி உயிரோடு இறங்கி வந்தவர், அடிவாரத்துத் தார் ரோட்டில் கார் மோதிச் செத்தால்?

வடக்கு இங்கிலாந்தில் மலை ஓட்டம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி.

அங்கே மலையை "ஃபெல்" என்பார்கள். மலை ஏறி இறங்கி ஓடுவது "ஃபெல் ரேஸ்".

இதில் பேர்போனது யார்க்ஷயர் மூன்று சிகர ஓட்டம். பெனிகென்ட் (694 மீட்டர்), வெர்ன்சைடு (736 மீட்டர்), இங்கிள்பரோ (723 மீட்டர்) ஆகிய 3 மலைகளிலும் ஏறி இறங்க வேண்டும். மொத்தம் சுமார் 37 கிலோ மீட்டர்.

1954-ல் நடந்த முதல் பந்தயத்தில் புறப்பட்டவர்கள் 6 பேர்தான். இப்போது நூற்றுக்கணக்கானோர் ஓடுகிறார்கள். கார்களும் அன்று போல் இல்லை. பெருகிவிட்டன.

73 மீட்டர்

அந்த நாட்டு ஊர்ப்புற ரோட்டில், வேறு தடை இல்லாத இடத்தில், கார் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகலாம். ஒரு நொடிக்கு 27 மீட்டர்!

அந்த வேகத்தில் போகும் கார் பிரேக் போட்டு நிற்க 73 மீட்டர் வேண்டும் என்கிறது அரசாங்கத்தின் சாலை விதிப் புத்தகம்.

பல இடங்களில் ரோட்டின் இரு பக்கமும் கல் சுவர். நடைபாதை கிடையாது. வளைவில் கார் வந்தால் ஒதுங்க இடம் ஏது?

தொண்டர்கள் மஞ்சள் சட்டை போட்டு நிற்பார்கள். ஆனால் காரை நிறுத்த அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. ரோட்டை அடைப்பது என்றால் கவுன்சில் உத்தரவு வேண்டும்.

கடப்பது வேறு, ஓடுவது வேறு

ரோட்டை அடியோடு தவிர்க்க முடியுமா? முடியாது.

வெர்ன்சைடு மலை ரோட்டுக்கு ஒரு பக்கம். மற்ற இரண்டும் மறு பக்கம். எந்த வழியில் போனாலும் 2 தடவை கடந்தே தீர வேண்டும்.

ஆனால் குறுக்கே கடப்பதற்குச் சில நொடி போதும். நேரான இடமாகப் பார்த்து, இரு பக்கமும் ஆள் நிறுத்திக் கவனிக்கலாம். ரோட்டோடு ஒரு கிலோ மீட்டர் ஓடினால் 5 நிமிடம் ஆபத்து. அதுவும் களைத்துப் போன கால்கள்!

விவசாயி சம்மதம்

சுற்றுப் பாதையிலும் சிக்கல் உண்டு. 2000-ம் ஆண்டுச் சட்டப்படி, திறந்த மலைநிலம் என்று குறிக்கப்பட்ட இடத்தில் யாரும் கால்நடையாகப் போகலாம். அடிவார வயலுக்கு அந்தச் சட்டம் செல்லாது. பொதுப்பாதை இல்லாத இடத்தில் விவசாயி மனது வைக்க வேண்டும். பந்தயம் நடப்பதோ ஏப்ரல் கடைசியில். ஆடுகள் குட்டி போடும் காலம். கூட்டம் புகுந்தால் தாய் ஆடு மிரளும்.

"பாதை மாறினால் பழைய சாதனை என்னாவது?" என்ற கேள்வியும் வரும். 1975-ல் பந்தயம் புறப்படும் இடமே ஹார்ட்டன் கிராமத்துக்கு மாறியது. பந்தயம் அழிந்தா போனது?

விவசாயியிடம் முன்கூட்டியே பேசி, வேலிக் கதவு வழியே பாதை வாங்குவதுதான் சரி. சுற்றிப் போனால் கூடுவது சில நிமிடம். ரோட்டில் போன உயிர் திரும்பி வருமா?